2-க்கு 2 போர்: கூட்டாளியின் படையே குறுக்கே நின்றால் என்ன செய்வது?

கட்டுத்தரை கமாண்டர் கேட்டது:

வணக்கமுங்க. ஆடி 18 அன்று உடுமலை பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் கிங்ஸ் ஆஃப் வார், அதாவது மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்துப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு, 2-க்கு 2 போட்டோம். தோற்றுவிட்டோம். தோற்றதில் வருத்தமில்லை, பகடை என்றால் ஒருநாள் விழும், ஒருநாள் விழாது. ஆனால் அன்றைக்கு எதிரி எங்களை அடித்ததைவிட, நானும் என் கூட்டாளியும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டதுதான் அதிகம். அதற்குத்தான் வழி கேட்கிறேன்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நான், பெரியப்பா மகன். அண்ணன் என்னைவிட 2 வயது மூத்தவர். நான் குள்ளர் படை, அவர் மனிதர் படை, பெரும்பாலும் குதிரைவீரர்கள். எதிர்ப்பக்கம் என் மச்சான், அவன் பொள்ளாச்சி நண்பன். மச்சானிடம் பிணப்படை, நண்பனிடம் ஆர்க் என்கிற அரக்கர் படை. ஆக ஒருபக்கம் பங்காளிகள், மறுபக்கம் மாமன் மச்சான் வகையறா. ஆளுக்கு 1000 புள்ளிக்குப் படை, அணிக்கு 2000. மேசையின் நடுப்புள்ளியிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஆட்டம் முடியும்போது யார் படை அதிகம் நிற்கிறதோ அவர்களுக்கு வெற்றி.

மேசை என்றால் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போடுகிற மடக்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே 4-க்கு 3 அடி பிளைவுட் இரண்டு. சேர்த்தால் 6-க்கு 4. பிளைவுட் மேல் பசை தடவி, சலித்த தென்னை நார்க்கழிவைத் தூவி, காய்ந்ததும் அங்கங்கே பழுப்பும் பச்சையும் அடித்திருக்கிறேன். கடையில் விற்கும் புல் தாளைவிட இதுதான் எங்கள் மண் மாதிரி இருக்கிறது. செலவும் இல்லை, சாளைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது.

முதல் பிரச்சினை காற்று. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அங்கிருந்து வருகிற காற்றுக்குத்தானே எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலை. சாளையில் மேற்குப் பக்கம் சுவர் கிடையாது, தேங்காய் போட்டு வைக்கிற இடம். மச்சானின் எலும்பு டிராகன் ரெசினில் அச்சடித்தது, ஒரு கண்ணாடிக் குச்சி மேல் பறப்பதுபோல் நிற்கும். இரண்டாவது சுற்றில் ஒரே வீச்சு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இது எம்மாத்திரம். நேராக வந்து என் பீரங்கி மேல் விழுந்தது. டிராகனுக்கு ஒரு இறக்கை போச்சு, பீரங்கிக்குக் குழாய் வளைந்தது. அதைவிடப் பெரிய சண்டை, டிராகன் விழுவதற்கு முன் எந்த இடத்தில் நின்றது என்பது. 2 அங்குலத்துக்கு அரைமணி நேரம் பேசினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது சுற்று. நடுவில் மச்சானின் ஜாம்பிக் கூட்டம், 200-க்கு 80 மில்லிமீட்டர் பலகையில் 40 பிணம். அதற்கு நேரே என் குள்ளர் ரெஜிமென்ட் (ஒரே பலகையில் சேர்ந்து நிற்கும் படைப்பிரிவு) இரண்டு, ஒட்டி ஒட்டி நிற்கிறது. குள்ளர் வேகம் 4, எதிரி மேல் பாய்ந்தால் இரட்டிப்பு, 8 அங்குலம். ஜாம்பி நிற்பது 9 அங்குலத்தில். எனக்கு எட்டாது. எனக்குப் பின்னால் அண்ணனின் குதிரை ரெஜிமென்ட். வேகம் 8, 16 அங்குலம் பாயலாம், 14-ல் இலக்கு. எட்டும். ஆனால் நடுவில் நான் நிற்கிறேன்.

நாங்கள் எல்லோரும் இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பழைய வார்ஹாமரில் கை பழகியவர்கள். முதலில் பாய்ச்சல் அறிவிப்பு, அப்புறம்தான் மற்ற நகர்வு. அதே பழக்கத்தில் அண்ணன் "நான் பாய்கிறேன்" என்றார், வழியில்லை என்று மச்சான் சொன்னான், அண்ணன் என்னைப் பார்த்தார். "உன்னை யாரு நடுவுல வைக்கச் சொன்னது?" வைக்கச் சொன்னதே அவர்தான். மூத்தவர், எதிரே மச்சான் வேறு இருக்கிறான், பொட்டாட்டம் இருந்துவிட்டேன்.

அடுத்து ஆர்க் சவாரிப்படை என் பக்கவாட்டில் பாய்ந்தது. பக்கவாட்டு அடி என்றால் பகடை இரட்டிப்பு, தெரியுமல்லவா. நண்பன் இரண்டு கையிலும் சோளம் அள்ளுவதுபோல் அள்ளிப் போட்டான். ஏறிய சேதத்தைக் கணக்குப் போட்டால் 2 பகடையில் 7 அல்லது மேலே விழுந்தால் என் ரெஜிமென்ட் உடையும். 8 விழுந்தது. அண்ணனின் தளபதி 4 அங்குலத்தில் நிற்கிறார், அவருக்கு இன்ஸ்பயரிங் உண்டு, 6 அங்குலத்துக்குள் நம் படை உடைந்தால் எதிரி மறுபடி உருட்ட வேண்டும். "உருட்டுங்க" என்றேன். "அது அவரு படைக்கு, உங்க படைக்கு இல்ல" என்றான் மச்சான். ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்ளவில்லை. ரெஜிமென்டை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

காலை 10.30-க்கு ஆரம்பித்தது. 6 சுற்று ஆட வேண்டிய ஆட்டம், பொழுதோட 5 மணிக்கு நாலாவது சுற்றில் நிற்கிறது. நோம்பிக்கு ஒறம்பரை வந்துவிட்டார்கள். அதோடு மூட்டை கட்டினோம். கணக்குப் பார்த்தால் நடுவட்டத்தில் அவர்கள்தான் அதிகம்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி கடைசியில் ஒன்று சொன்னார்: "ஆடு புலி ஆட்டத்துல 3 புலிக்கு 3 பேரு உக்காந்தா ஆடு பொழச்சுக்கும்டா."

கேள்வி இதுதான். இரண்டு பேர் ஒட்டுக்கா ஒரு படையை நடத்துவது எப்படி? எந்தப் படையை முதலில் நகர்த்துவது, தளபதியின் தைரியம் கூட்டாளிக்கும் சேருமா, நேரத்தை எப்படிப் பிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அண்ணனும் இதைப் படிப்பார், பார்த்துச் சொல்லுங்கள்.


ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

வரப்புக்குச் சண்டை போட்ட பங்காளிகளைப் பார்த்திருக்கிறேன், ஜாம்பிக்குச் சண்டை போட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். அடுத்த தடவை அணி மாற்றிப் போடுங்க. அண்ணனை மச்சானிடம் தள்ளிவிட்டால் ஆட்டம் பாதி உங்க பக்கம். அப்புச்சிக்கு ஒரு கும்பிடு.


பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் மூன்றாவது சுற்றைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பாய்ச்சலை முதலில் அறிவிப்பது வார்ஹாமர் பழக்கம். கிங்ஸ் ஆஃப் வாரில் அப்படி ஒரு விதியே இல்லை. நகர்வுக் கட்டத்தில் ஒவ்வொரு படையாக எடுத்து ஒரு உத்தரவு கொடுக்கிறீர்கள். எந்த வரிசையில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். முதல் படை பக்கவாட்டில் ஒதுங்கலாம், இரண்டாவது முன்னால் நடக்கலாம், மூன்றாவதாக எடுக்கிற படை பாயலாம்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சாதாரணமாக நகரும்போது நம் படைக்குள்ளேயே நாம் ஊடுருவிப் போகலாம், முடியும்போது மேலே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். பாயும்போது மட்டும் ஊடுருவ முடியாது. அதனால்தான் குதிரை மாட்டிக்கொண்டது.

உங்கள் அளவையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். குதிரை ரெஜிமென்ட் முகப்பு 125 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 5 அங்குலம். குள்ளர் பக்கவாட்டில் ஒதுங்கினால் வேகத்தில் பாதி, 2 அங்குலம். இடது ரெஜிமென்ட் இடப்பக்கம் 2, வலது ரெஜிமென்ட் வலப்பக்கம் 2, மொத்தம் 4. ஆரம்பத்திலேயே இரண்டுக்கும் நடுவில் 1 அங்குலம் விட்டு நிறுத்தியிருந்தால் 5. கைத்தடுமாற்றத்துக்காக ஒன்றரை விடுங்கள். தண்ணி பாய்ச்ச மடையைத் திறப்பீர்கள் அல்லவா, அதேதான். முதலில் மண்ணை ஒதுக்கு, அப்புறம் தண்ணியை விடு. நீங்கள் தண்ணியை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடியிருக்கிறீர்கள்.

ஒட்டி ஒட்டி நிறுத்துவது பார்க்க நன்றாக இருக்கும், போட்டோவுக்கு. குள்ளரை அப்படி வைத்துவிட்டுப் பின்னால் குதிரையை நிறுத்துவது லாரிக்கு முன்னால் மாட்டுவண்டி.

தளபதி விஷயம். 2 பகடையில் 7-ம் மேலும் விழ 36-ல் 21 வாய்ப்பு, நூற்றுக்கு 58 என்று வையுங்கள். மறு உருட்டு இருந்தால் இரண்டு தடவையும் விழ வேண்டும், நூற்றுக்கு 34 ஆகிவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஆட்டத்தின் நடுவில் பேசித் தீர்க்க முடியாது. எங்கள் பட்டறையில் ஆடும்போது சேரும் என்றே வைத்துக்கொள்கிறோம், இரண்டு அணிக்கும் சமம்தானே. சிலருக்கு அது பிடிக்காது, தளபதி எண்ணிக்கை குறைத்து எடுத்து மிச்சப் புள்ளியில் படை வாங்குகிறார்கள் என்பார்கள். நியாயம்தான். எதுவானாலும் படைப்பட்டியல் எழுதும் முன்பே முடிவாகிவிட வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே எதிரி மேல் பாய்ந்தால் ஒருவர் அடித்ததும் அவசரப்பட்டு நரம்புச் சோதனை, அதாவது எதிரி உடைவானா என்று பார்க்கும் 2 பகடை, உருட்டாதீர்கள். இருவர் அடியும் சேர்ந்த பிறகு ஒரே சோதனைதான். எங்கள் ஊரில் ஒருவன் கூட்டாளி அடிக்கும் முன்பே உருட்டி, இரட்டை ஒன்று போட்டான். இரட்டை ஒன்று விழுந்தால் எவ்வளவு சேதம் இருந்தாலும் எதிரி அசைய மாட்டான். அவனை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஒண்ணு ஒண்ணு" என்றுதான்.

காற்றுக்கு வைத்தியம்: பலகைக்கு அடியில் காந்தத் தாள் ஒட்டுங்கள், பிளைவுட் மேல் நார்க்கழிவுக்குக் கீழே மெல்லிய தகரம் அடியுங்கள். பறக்கிற பொம்மைக்கு அடித்தளத்துக்குள் அரை அங்குல இரும்பு நட்டு ஒன்றை வைத்து ஒட்டினால் போதும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் கை நிறையக் கிடைக்கும். அப்புறம் அந்த ரெசினை மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் காய வைத்தீர்களா? அளவுக்கு மேல் காய்ந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். இறக்கை உடைந்ததற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.


பிணப்படை மச்சான் எழுதியது:

மாப்ள, ஊருக்கே சொல்லியாச்சா. சரி, என் பங்கையும் சொல்கிறேன்.

டிராகனை வெயிலில் வைத்தது நான்தான், இரண்டு நாள். பட்டறை அண்ணா கண்டுபிடித்துவிட்டார்.

நாங்கள் பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் ராத்திரி போனில் இரண்டே விஷயம் பேசினோம். என் பிணங்கள் மெதுவாகப் போகும், சீக்கிரம் உடையாது, அதனால் நடுவில் போய் நின்று அடி வாங்க வேண்டும். ஆர்க் ஓரத்தில் காத்திருந்து, என் ஜாம்பியை யார் அடிக்க வந்தாலும் அவர்கள் விலாவில் இறங்க வேண்டும். ஜாம்பி செத்தால் நான் வருத்தப்படக் கூடாது என்று நண்பன் சத்தியமே வாங்கிக்கொண்டான். கூட்டுப் போரில் இதுதான் கஷ்டம். ஒருவன் படை சாவதற்கே போக வேண்டும், அடித்த பெயர் இன்னொருவனுக்கு. உங்கள் இரண்டு பேரில் யாரும் அதற்குத் தயாராக இல்லை.

இரண்டாவது, ஒற்றைச் சுற்றில் என் பேச்சு கடைசி, இரட்டைச் சுற்றில் அவன் பேச்சு கடைசி. பிடிக்காவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது சுற்றில் அவன் சவாரிப்படையை அங்கே இறக்கச் சொன்னது நான், அவனுக்கு இஷ்டமில்லை.

தளபதி விஷயத்தில் நான் பேசியது அழும்பு இல்லை. காலையில் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். உங்கள் ரெஜிமென்ட் உடைந்த பிறகு கேட்டால் நான் எதற்குச் சரி என்று சொல்ல வேண்டும்? அக்கா வைத்த கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு இப்படிப் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் எதிரிக்குக் கேட்கிறாற்போல் யோசனை பேசுகிறீர்கள். அண்ணன் "அடுத்த தடவை வலது பக்கம் போறேன்" என்று சொன்னது கிணற்றடி வரைக்கும் கேட்டது.


கரூர் பெட்ஷீட் எழுதியது:

வணக்கமுங்க தம்பி. நானும் வீட்டுக்காரரும் ஒரு பக்கம், என் தம்பியும் அவன் கூட்டாளியும் ஒரு பக்கம் என்று மாதம் ஒரு ஞாயிறு ஆடுகிறோம். புருஷன் பெண்டாட்டி ஒரே அணியில் ஆடிப் பார்த்தவர்களுக்குப் பங்காளிச் சண்டை ஒன்றுமே இல்லைங்க.

நேரத்துக்குச் சதுரங்கக் கடிகாரம் வையுங்க. இந்த ஆட்டத்தில் சுற்று யாருடையதோ அவர்கள் மட்டும்தான் பகடை உருட்டுவார்கள், எதிரிக்கு உருட்ட ஒன்றும் இல்லை. வார்ஹாமரில் நடுவில் கவசத்துக்கு எதிரி உருட்டுவான், கடிகாரத்தை மாற்றி மாற்றித் தட்டணும். இங்கே ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. அணிக்கு 75 நிமிஷம் என்று வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் 6 சுற்றும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏழாவது சுற்று, அதற்கும் நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளணும். பேச்சும் அந்த 75 நிமிஷத்துக்குள்ளேயே. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுக்காரரே சுருக்கமாகப் பேசுகிறார் என்றால் பாருங்க. எதிரி சுற்றில் நீங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போய் அடுத்ததைப் பேசி வைத்துக்கொள்ளலாம், கிணற்றடிக்குக் கேட்காமல்.

பட்டறை அண்ணா சொன்ன மடை யோசனை அழகுதான், ஆனால் நான் ஒத்துக்க மாட்டேங்க. இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போனால்தான் அது நடக்கும். அரை அங்குலம் தப்பினாலும் குதிரை உள்ளே நுழையாது, மறுபடி அதே சண்டை. புதிதாகக் கூட்டுச் சேருகிறவர்கள் பாகம் பிரித்துக்கொள்வது நல்லது. மேசை 72 அங்குலம். குள்ளர் நடுவில், குதிரை ஒரு ஓரம், நடுவில் வேலி கட்டின மாதிரி ஒரு சின்னக் குன்று. அவரவர் வெள்ளாமையை அவரவர் பார்க்கட்டும். நாலைந்து ஆட்டம் போன பிறகு வேலியை எடுத்துக்கலாம்.

படைக்குப் புள்ளி கொடுத்து வாங்குகிற மாயப் பொருள்களையும் பார்த்துக்கோங்க. ஒரு படைக்கு ஒவ்வொன்றும் ஒரு தடவைதான். இரண்டு பேரும் ஒரே பொருளை எடுத்துவிட்டு வந்து நின்றால், அணி ஒரே படையா, இரண்டு படையா என்று அங்கே ஒரு பஞ்சாயத்து. நாங்கள் ஒரே படை என்றுதான் வைத்திருக்கிறோம்.


கட்டுத்தரை கமாண்டர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. பட்டறை அண்ணா, வார்ஹாமர் பழக்கம் என்று நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது. 2015-ல் வார்ஹாமர் கம்பெனிக்காரர்கள் பழைய உலகத்தையே முடித்துவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற புது ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்தப் பக்கம் வந்தவன் நான். இத்தனை வருஷமாகப் புது விதியைப் பழைய விதி என்று நினைத்துப் படித்திருக்கிறேன். ஒரே ஆளாக ஆடும்போது இது வெளியே தெரியவே இல்லை.

நேற்று ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டேன். பட்டறை அண்ணா சொன்னதை வாயால் சொல்லாமல், அட்டையை 100-க்கு 80 இரண்டு, 125-க்கு 100 ஒன்று என்று வெட்டிச் சாளைத் திண்ணையில் வைத்தேன். இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து குள்ளர் அட்டைகளை ஆளுக்கு 2 அங்குலம் ஒதுக்கினேன். ஒன்றரை இடைவெளி விட்டிருந்ததால் குதிரை அட்டை உரசாமல் உள்ளே போனது. 1 அங்குலம் விட்டுப் பார்த்தோம், அப்போதும் போனது, ஆனால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தள்ளினோம். அண்ணன் சித்த நேரம் பார்த்துவிட்டு, "இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவர் சொல்லவில்லை. இருக்கட்டும்.

கரூர் அக்கா, உங்கள் வேலியும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. முதல் ஆட்டம் வேலி போட்டு, குதிரை இடது ஓரம். இரண்டாவதில் மடை. மச்சான், ஒற்றைச் சுற்று இரட்டைச் சுற்று ஏற்பாட்டை அண்ணனிடம் சொன்னேன். ஒற்றைச் சுற்று அவருக்கு வேண்டுமாம், ஏழாவது சுற்று வந்தால் அதுவும் ஒற்றைதானே என்று இப்போதே கணக்குப் போட்டுவிட்டார்.

தளபதியின் தைரியம் கூட்டாளிக்கும் சேரும் என்று நான்கு பேரும் சம்மதித்தாயிற்று. மச்சான், இது இங்கே எழுத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

அடுத்த ஆட்டம் ஐப்பசியில். அதற்குள் காற்று அடங்கிவிடும். ஆனால் மழை பிடித்தால் சாளையில் தென்கிழக்கு மூலை ஒழுகும், மேசையை அங்கிருந்து 3 அடி தள்ளிப் போட வேண்டும். தகரம் அடிக்க ஆணி எத்தனை அங்குலம் வாங்குவது அண்ணா? பிளைவுட் அரை அங்குலக் கனம்தான்.


பட்டறைக்காரர் எழுதியது:

ஆணி வேண்டாம் தம்பி, மறுபக்கம் துருத்திக்கொண்டு வரும். ரப்பர் பசை தடவி ஒட்டி, மேலே இரண்டு சிமென்ட் மூட்டையை ஒரு ராத்திரி வையுங்கள்.